திருநாளைச் சொல்வார் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! அலுவலகங்களின் அதிபதியும், காத்திருப்போரின் குலதெய்வமும், கடல் கடந்து வந்து நம் நாவில் கொலுவீற்றிருப்பவருமான ‘ஐ வில் கெட் பேக் டு யூ’ என்னும் திருவாக்கின் பெருமையைப் பாட, மைசூர்வாழ் தமிழன் ஒருவன் எழுந்து நிற்கிறேன். அரண்மனை நகரத்தில் குடியிருப்பவனுக்கு அரசர்களைப் புகழ்வது பழகிய வேலைதான். ஆனால் இங்கே ஆண்ட அரசர்களில் எவரும் இத்தனை பேரை இத்தனை காலம் வாசலில் நிற்க வைத்ததில்லை. வாசலே இல்லாமல் நிற்க வைத்ததும் இல்லை.

இத்திருவாக்கின் ஈகைக்கு முன் கர்ணனின் கொடை எம்மாத்திரம்? கர்ணன் கவசத்தைக் கொடுத்தான். கொடுத்ததும் அது அவனிடம் இல்லாமல் போயிற்று. நம் நாயகர் காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்தரை வரை வங்கியிலும், வாடகைத் தரகரிடமும், காப்பீட்டு அலுவலகத்திலும், பள்ளிச் சேர்க்கை மேசையிலும் கேட்டவர்க்கெல்லாம் தம்மை வாரி வழங்குகிறார். மாலையில் எண்ணிப் பார்த்தால் ஒரு குன்றிமணி குறைந்திருக்காது. வாங்கியவர்களும் கை நிறைந்ததாகவே நினைத்து வீடு போய்ச் சேருகிறார்கள். கொடுத்தவருக்கும் குறைவில்லை, பெற்றவருக்கும் அன்றைய இரவு வரை குறைவில்லை. இப்படி ஒரு தானத்தை எந்தப் புராணம் கண்டது?

தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றார் நந்தனார். அவர் காலுக்கும் தில்லைக்கும் நடுவே ஊரும் சாதியும் கட்டிய வேலி நின்றது. அப்படியிருந்தும் ஒரு நாள் போயே விட்டார். அவருடைய நாளை அத்தோடு தீர்ந்தது. நம் நாயகருக்கு வேலி ஏதும் இல்லை. கையில் போன் இருக்கிறது, போனில் உங்கள் எண் இருக்கிறது, எண்ணுக்குப் பக்கத்தில் பச்சைப் பொத்தான் இருக்கிறது. தடை ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் வராமலே இருப்பதற்கு எப்பேர்ப்பட்ட வைராக்கியம் வேண்டும்! அதனால் ‘திருநாளைச் சொல்வார்’ என்ற பட்டத்தை இந்தச் சபையில் அவருக்குச் சூட்டுகிறேன்.

மெய்க்கீர்த்தி என்றால் வென்ற நாடுகளைச் சொல்லியாக வேண்டும். இவர் வருவதற்கு முன் இந்த மண்ணைச் சிற்றரசர்கள் சிலர் ஆண்டார்கள். அவர்களுள் மூத்தவர், பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜியை முடித்து, காபி டபராவைக் கீழே வைத்து, துண்டை உதறித் தோளில் போட்டபடி திருவாய் மலர்ந்த ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்’. நல்ல அரசர்தான். ஆனால் அவர் ஆட்சியில் தபால்காரர் என்றொரு ஒற்றன் இருந்தான். பத்து நாள் அவன் சைக்கிளை நிறுத்தாமல் அந்த வீட்டைக் கடந்து போனால் தெரு முழுக்க விஷயம் புரிந்துவிடும். பதினோராம் நாள் பெண்ணின் அப்பா ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார். காத்திருப்பை அற்ப ஆயுளில் சாகடித்த ஆட்சி அது.

அடுத்தவர், மளிகைக் கடைப் பலகையில் அமர்ந்து அரசாண்ட ‘இன்று ரொக்கம், நாளை கடன்’. படித்தவன் சிரித்துவிட்டு, பையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தான். சிரிப்பு வந்துவிட்டால் நம்பிக்கை எப்படி நிற்கும்? மூன்றாமவர் ‘பார்க்கலாம்’. நாலாமவர் எங்கள் மைசூர்க் கன்னடத்து ‘நோடோண’. இவரைத் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி சொல்லுவார்கள். அந்தச் சாய்வின் அளவை வைத்தே தேவராஜ மார்க்கெட் பூக்காரம்மா காரியம் நடக்குமா நடக்காதா என்று கணித்துவிடுவார். ஜப்பானில்கூட ‘நல்லபடியாகப் பரிசீலிக்கிறோம்’ என்றால் இல்லை என்று அர்த்தம் என்கிறார்கள். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

இந்தச் சிற்றரசர்கள் எல்லோருக்கும் இருந்த இழிவான குறை இதுதான்: இவர்கள் சொன்னால் புரிந்தது. நம் சக்கரவர்த்தி இந்த நோயைத் தீர்த்துவைத்தார். அவர் ஆங்கிலத்தில் வருகிறார். கழுத்துப்பட்டி கட்டி, குரலைத் தாழ்த்தி, உங்கள் பெயருக்கு முன் ஒரு ‘சார்’ போட்டு வருகிறார். சொல்பவருக்கு அது மறுப்பு. கேட்பவருக்கு அது வாக்குறுதி. ஒரே வாக்கியம் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பொருளும் இந்தப் பக்கம் வேறு பொருளும் தருகிறது. சிலேடை பாடிய காளமேகப் புலவர் இதைக் கேட்டிருந்தால் எழுத்தாணியைக் கீழே வைத்திருப்பார்.

சொல்லுக்குச் சொல் உரை எழுதத் தகுந்த வாக்கு இது. ‘ஐ’ என்றால் பழந்தமிழில் தலைவன். ‘வில்’ என்றால் வில்லேதான். தலைவன் கையில் வில்! அம்பைத் தேடாதீர்கள். நாணைக் காதுவரை இழுத்து, அப்படியே நின்று, ‘இதோ வருகிறது, இதோ வருகிறது’ என்று எதிரே நிற்பவனை ஆயுள் முழுக்க நிற்க வைப்பதே இவருடைய வில்வித்தை. ஆயுதம் இழந்து நின்ற இராவணனை நாளை வரச் சொன்ன இராமன், அவன் மறுபடி வந்தபோது களத்தில் நின்றானாம். வில் பிடிக்கத் தெரிந்தவன்தான். நாளை என்ற சொல்லைப் பிடிக்கத் தெரியாதவன்.

‘கெட் பேக்’ என்பது திரும்பி வருதல். எங்காவது போனவர்தானே திரும்பி வர முடியும்? நம் நாயகரோ நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. போகாத இடத்திலிருந்து திரும்பி வருவதாக உறுதி கூறுவது யோகிகளுக்கும் எட்டாத நிலை. ‘டு யூ’ என்றால் உங்களிடம். இத்தனை கோடி மனிதர்களுக்கு நடுவே உங்களிடம்! எப்போது என்பதற்கு இதில் சொல் இல்லை. எதற்கு என்பதற்கும் இல்லை. என்ன பதிலோடு என்பதற்கும் இல்லை. இப்படி வேண்டாத கொழுப்பையெல்லாம் வழித்தெடுத்த சொற்சிக்கனத்தை வள்ளுவரிடம்கூடக் காண முடியாது. ஏழு சீரில் அவர் எதையாவது சொல்லித் தொலைத்துவிடுவார்.

தமிழன் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லமாட்டான். ‘போயிட்டு வரேன்’ என்பான். சொன்னவன் வராவிட்டால் வீடே அழும். நம் நாயகர் சொல்லிவிட்டு வராவிட்டால் என்ன நடக்கிறது தெரியுமா? நாம் மூன்று வாரம் பொறுத்து, நல்ல நேரம் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அவருக்கு நாமே போன் செய்கிறோம். “சாரி சார், தொந்தரவு பண்றேன். சும்மா ஒரு ஞாபகப்படுத்தலாம்னுதான்…” வராதவர் அவர், மன்னிப்புக் கேட்பவர் நாம். கடன் வாங்கியவன் வீட்டு வாசலில் கடன் கொடுத்தவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நிற்கும் காட்சியை உலகுக்கு வழங்கிய பெருமை வேறு எந்த வாக்கியத்துக்கு உண்டு?

இந்த மாநிலத்துக்கும் நாயகருக்கும் பூர்வஜென்மத் தொடர்பு இருந்திருக்க வேண்டும். சில பத்தாண்டுகளுக்கு முன் கர்நாடகத்தின் ஊர்களில் ஒரு பேய்க்கதை பரவியது. தெரிந்தவர் குரலில் அழைத்து இரவில் கதவைத் தட்டும் பேய். ஊரார் கண்டுபிடித்த பரிகாரம் எளியது: வீட்டுச் சுவரில் ‘நாளெ பா’ என்று கன்னடத்தில் எழுதிவைத்தார்கள். நாளை வா என்று பொருள். பேய் வரும், வாசிக்கும், திரும்பிப் போகும். மறுநாளும் வரும், அதே எழுத்து இருக்கும், மறுபடி திரும்பிப் போகும். எழுத்தறிவும் பண்பாடும் ஒருங்கே அமைந்த பேய். சுவரில் எழுதியிருப்பது தனக்காகத்தான், தன்னை நேற்றும் இதையேதான் வாசிக்க வைத்தார்கள் என்று ஒருநாளும் அது சண்டைக்குப் போகவில்லை.

நம் நாயகர் அந்தச் சுவரெழுத்தை நாவெழுத்தாக்கினார். கரிக்கட்டி செலவு மிச்சம், சுண்ணாம்பு செலவு மிச்சம். பேயின் இடத்தில் மனுவும் ஆதார் நகலும் கையில் ஏந்திய குடிமக்களை நிறுத்தினார். பேய்க்கு இரவு மட்டும்தான் வேலை. நமக்கோ அரைநாள் விடுப்பு, ஆட்டோச் செலவு, வெயில் ஆகிய உபசாரங்களும் சேர்ந்து கிடைக்கின்றன.

பொறாமைக்காரர்கள் இல்லாத பேரரசு ஏது? 2011-ல் கர்நாடகச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சேவைகளைக் குறித்த நாளுக்குள் தந்தாக வேண்டுமாம். ‘சகால’ என்று அதற்குப் பெயரிட்டு 2012 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று, நாளை என்கிற பேச்சு இனி இல்லை என்பதையே அதன் முழக்கமாகவும் வைத்தார்கள். நாயகரின் திருநாமத்தை நேருக்கு நேர் குறிவைத்த முழக்கம். மனுவுக்கு ஓர் எண் கொடுத்து, கெடு தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் மனுதாரருக்கு இழப்பீடு என்றார்கள். ஆனால் அந்த இழப்பீட்டுக்கு உச்சவரம்பு 500 ரூபாய். கணக்குத் தெரிந்தவர்கள் மகிழ்ந்தார்கள்: இருபத்தைந்து நாளோடு மீட்டர் நின்றுவிடுகிறது, இருபத்தாறாம் நாளிலிருந்து தாமதம் முற்றிலும் இலவசம். நாயகரோ அந்த இருபத்தைந்து நாளுக்குக்கூடக் கட்டுப்படவில்லை. வாயால் சொன்ன வாக்குக்கு எண் ஏது? எண் இல்லாததற்கு நாள் ஏது? “மனுவை இப்போ கொடுக்க வேண்டாம், நானே கெட் பேக் பண்றேன்” என்று மலர்ந்த முகத்துடன் சொல்லிவிட்டால் எந்தச் சட்டமும் வாசற்படி தாண்டாது.

தமிழில் காலவரம்புக்குக் ‘கெடு’ என்று பெயர் வைத்த முன்னோரின் தீர்க்கதரிசனத்தை இங்கே வணங்கத் தோன்றுகிறது. நாள் குறிப்பதைப்போலக் கெட்ட செயல் வேறில்லை என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

நாயகர் முடிசூடுவதற்கு முன் இந்த உலகம் எவ்வளவு காட்டுமிராண்டித்தனமாக இருந்தது என்பதற்கு இதே மைசூரில் ஒரு சாட்சி உண்டு. மகாராஜா கல்லூரியில் 1930-ல் பட்டம் பெற்ற தமிழர், ஆர்.கே. நாராயணன். ‘சுவாமியும் நண்பர்களும்’ என்ற தம் முதல் நாவலின் கைப்பிரதியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பதிப்பாளர்கள் செய்த கொடுமையைக் கேளுங்கள்: வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதி, அஞ்சல்தலை ஒட்டி, கைப்பிரதியையும் கூடவே வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வருவது என்பதை இவ்வளவு கொச்சையாக, சொல்லுக்குச் சொல் நிறைவேற்றிவிட்டார்கள். மனம் உடைந்த நாராயணன், அப்போது கைப்பிரதியை வைத்திருந்த ஆக்ஸ்போர்டு நண்பர் பூர்ணாவுக்கு, அந்தக் கட்டோடு ஒரு கல்லைச் சேர்த்துக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி எழுதினார். நண்பர் அதைச் செய்யாமல் ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுக்க, 1935-ல் ஹாமிஷ் ஹாமில்டன் நிறுவனம் அந்த நாவலை வெளியிட்டுவிட்டது.

முதல் பதிப்பாளரே ‘ஐ வில் கெட் பேக் டு யூ’ என்று திருவாய் மலர்ந்திருந்தால் இவ்வளவு அமளி நடந்திருக்குமா? கைப்பிரதி லண்டன் அலமாரி ஒன்றில் அமைதியாகத் துயின்றிருக்கும். நாராயணன் வாசலில் தபால்காரரைப் பார்த்தபடி நிம்மதியாக மூப்படைந்திருப்பார். அவர் கதைகளில் வரும் மால்குடி என்ற ஊருக்கு ஒரு ரயில் நிலையம் கட்டும் சிரமம் கற்பனைக்கு ஏற்பட்டிருக்காது. யாதவகிரியில் அவர் பிற்காலத்தில் கட்டிய வீட்டை நினைவில்லமாகப் பராமரிக்கும் செலவும் மாநகராட்சிக்கு மிச்சம். மறுப்பு என்ற முரட்டுத்தனம் எத்தனை பேரை அடுத்த வாசலுக்குத் துரத்தி, எத்தனை வேண்டாத வெற்றிகளை உண்டாக்கிவிட்டது!

கல்லைக் கட்டச் சொன்னார் என்றேன். கல் என்றதும் மைசூர்த் தமிழனுக்கு வேறொன்று நினைவுக்கு வராமல் போகாது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-ல் உதகமண்டலத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தது. 1886-ல் ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் பொறுப்பேற்றது தொட்டு, தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுத்த மைப்படிகள் இங்கே வந்து சேர்ந்தன. சோழர் காலத்துச் சொற்கள் கட்டுக்கட்டாகச் சாமுண்டி மலையின் அடிவாரத்து ஊரில் வாசம் செய்தன.

அந்தக் கற்களில் என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலும் வாக்குறுதிகள்தாம். ஆனால் எவ்வளவு பண்படாத வாக்குறுதிகள்! கோயிலில் அணையாத ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், எரிய வைக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுதானே? அப்படிச் செய்யாமல் 96 ஆடுகளை எண்ணிக் கொடுத்தார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையாதபடி ஈடுசெய்துகொள்ள வேண்டும் என்பதற்காக ‘சாவா மூவாப் பேராடு’ என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று அளவையும் வெட்டினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் இன்னும் அநாகரிகமாக நடந்துகொண்டான். ஆடுமாட்டைப் பொறுப்பேற்ற இடையர் யார் என்று பெயர் பெயராக எழுதினான். நானூறு ஆடல்மகளிருக்கும் பெயர், வந்த ஊர், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டிவைத்தான். நெல் அளக்கும் மரக்காலுக்குக்கூட ஆடவல்லான் என்று பெயர் கொடுத்தான். இப்படிப் பெயரும் முகவரியும் அளவும் கல்லிலே இருந்தால் நாளை யாராவது வந்து ‘நெய் எங்கே?’ என்று கேட்டுவிட மாட்டார்களா? நம் காலத்து நிறுவனத்துக்குப் போன் செய்து பாருங்கள். பேசுகிறவர் தம் பெயரை ஒரே மூச்சில் விழுங்கிவிடுவார்; அடுத்த முறை பேசுபவர் வேறொருவர். ஆடு இல்லை, நெய் இல்லை, இடையர் இல்லை. வாக்கு மட்டும் சாவாமல், மூவாமல் நிற்கிறது.

அந்தக் கல்வெட்டுகள் ‘சந்திராதித்தவல்’ என்று முடியும்: நிலவும் கதிரும் உள்ளவரை. இந்த ஓர் இடத்தில்தான் சோழரும் நம் நாயகரும் ஒத்துப்போகிறார்கள்.

மைப்படிகள் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே பொறுமை பழகியிருந்தன. 1903-04-ல் திரட்டிய கல்வெட்டுகளின் முழுப்பாடம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 17-ஆம் தொகுதியாக 1964-ல் வெளிவந்தது. அறுபதே ஆண்டு! ஒரு மனிதர் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், ஓய்வு பெறும் வயதில் வாங்கிப் படிக்க வசதியாக இருந்திருக்கும். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவசரப்பட்டது. தமிழ் மைப்படிகளை ஆறு மாதத்துக்குள் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றது. மறுபடியும் அந்தக் கெடு! அதன் பிறகு ஒரு பகுதி வண்டியேறிச் சென்னை சேர்ந்தது. ஆயிரம் ஆண்டு நின்ற சொற்களுக்கு ஆறு மாதம் என்று நாள் குறிப்பது நாகரிகமா என்று யாரும் கேட்கவில்லை.

இளைய தலைமுறைக்கு இந்தப் பொறுமையைப் பாடமாகவே வைக்கும் காலம் இது. 2022-ல் வேலைக் கடிதம் பெற்ற பொறியியல் பட்டதாரிகள் சுமார் 2,000 பேரை இன்ஃபோசிஸ் இன்னும் பணியில் சேர்க்கவில்லை என்று 2024-ல் தொழிற்சங்கம் ஒன்று மத்திய தொழிலாளர் அமைச்சகத்தில் முறையிட்டது. கொடுத்த வாக்கைக் காப்போம் என்றது நிறுவனம். காத்தது, அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில், உள்தேர்வில் மூன்று முறையும் தேறாதவர்கள் என்று, அப்படிச் சேர்ந்த பயிற்சியாளர்கள் முந்நூறு பேருக்கு மேல் மைசூர் வளாகத்திலிருந்து அனுப்பப்பட்டார்கள். காத்திருப்பு இரண்டு ஆண்டு, வேலை சில மாதம். எது நீடித்த செல்வம் என்பதை இதைவிட எப்படிக் கற்பிப்பது? வேலை போய்விடும், காத்திருந்த அனுபவத்தை யாரும் பறிக்க முடியாது.

என் வீட்டுக்கும் நாயகர் எழுந்தருளியிருக்கிறார். அந்த அருளைச் சொல்லாமல் முடித்தால் நன்றி மறந்தவன் ஆவேன். அக்கா மகள் எங்களோடு குவெம்புநகரில் தங்கியிருக்கிறாள். போன ஆண்டு வேறொரு ஊரில், வேறொரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தாள். பெயரைச் சொல்லி அந்த நிறுவனத்தின் புகழைச் சிறு வட்டத்துக்குள் அடைக்க எனக்கு மனமில்லை. மூன்று சுற்று முடிந்தது. கடைசியில் கை குலுக்கி, “வி வில் கெட் பேக் டு யூ” என்றார்களாம். ஒருமையில் வரும் வாக்கே சிரஞ்சீவி, இது பன்மை.

“மாமா, ‘வி வில்’னுதான் சொன்னாங்க. ‘மே பி’ன்னு சொல்லல. அப்ப கிடைச்சிடும்ல?” என்றாள். பாணினிகூடத் துணைவினையை இவ்வளவு நேரம் ஆராய்ந்திருக்க மாட்டான்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் எத்தனை நற்பழக்கங்கள்! போன் குளியலறை ஜன்னல் திண்டு வரை அவளோடு போயிற்று. சாமுண்டி மலைப் படியேறிக் கருவறை முன் நின்றபோதும் அதன் ஒலியை அவள் நிறுத்தவில்லை. தெரியாத எண் எதையும் தவறவிட்டதில்லை. கடன் அட்டை தருகிறோம் என்றவருக்கு மரியாதையாகப் பதில் சொன்னாள். மனை விற்கிறோம் என்றவரிடம், “நீங்க அந்தக் கம்பெனியிலிருந்துதானே பேசுறீங்க?” என்று எழுந்து நின்று கேட்டாள். கும்பகோணத்தில் பெரியப்பா பேத்தி கல்யாணம் வந்தது. “திடீர்னு ஜாயின் பண்ணச் சொன்னா என்ன செய்றது மாமா?” என்று போகவில்லை. இரண்டு சிறிய வேலைகள் வந்தன. அந்தப் பெரிய ‘வி வில்’லுக்கு மரியாதை செய்ய அவற்றையும் விட்டாள். பதவியும் சம்பளமும் தராமலே ஒரு பெண்ணை இருபத்துநான்கு மணி நேரமும் பணியில் வைத்திருக்கும் நிர்வாகத் திறமையை எந்த மேலாண்மைக் கல்லூரி கற்றுத்தரும்?

ஞாயிறு மாலை ஏழு மணி என்றால் ஏழு மணிக்கே அரண்மனை விளக்குகள் எரியும். அந்த நேரந்தவறாத ஆடம்பரத்தைக் காண ஊரே கூடும். எங்கள் வீட்டு விளக்குக்கு நேரமே கிடையாது. இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவள் அறைக் கதவிடுக்கில் நீலமாக ஒரு வெளிச்சம் தெரியும். மின்னஞ்சலைத் திறந்து, கீழே இழுத்து, மூடி, மறுபடி திறப்பாள். மூன்று மணிக்கும் அதே வெளிச்சம். எட்டு மாதம் ஒரு நாளும் அணைந்ததில்லை. சோழர்கள் 96 ஆடு கொடுத்து, உழக்கு நெய் அளந்து, கல்லில் வெட்டி எரிய வைத்த நந்தா விளக்கை, ஒரு கைகுலுக்கலில் அந்த நிறுவனத்தார் எங்கள் வீட்டில் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

இந்தப் புண்ணியத்தைக் கெடுக்க ஒரு சதிகாரன் வந்தான். அந்த நிறுவனம் இல்லை; அவர்கள் பெருந்தன்மை பங்கப்படவில்லை. மாதக்கணக்கில் கெஞ்சி நான் அவளை விண்ணப்பிக்க வைத்த ஒரு சின்ன அலுவலகம். திங்கட்கிழமை பார்த்தார்கள், புதன்கிழமை கடிதம் அனுப்பிவிட்டார்கள். மூன்றே வரி. ‘இந்தப் பணிக்கு உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேறொருவரை எடுத்துக்கொண்டோம். வந்ததற்கு நன்றி.’ கீழே ஒரு முழுப்பெயர், ஒரு தேதி. இராஜராஜன் காலத்து நாகரிகக் குறைவு இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருப்பது வேதனை.

அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். “சொல்லிட்டாங்க, மாமா” என்றாள். தட்டில் சாதம் போட்டுக்கொண்டு, ரசத்துக்கு இன்னொரு கரண்டி கேட்டாள். பிறகு போனைக் கொண்டுபோய்ச் சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

இரவு ஒரு மணிக்கு எழுந்து பார்த்தேன். கதவிடுக்கில் இருட்டு. எட்டு மாதமாக எரிந்த விளக்கை மூன்று வரியில் அணைத்துவிட்டான் பாவி.